சத்தியபாமா பக்கம் திரும்பிய வீடுகள்

ஊஞ்சப்பாளையத்தில், போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நல்லதம்பி கட்டிய புது வீடு, புகுவிழா அன்றைக்கே, பந்தியில் ரசம் வந்துகொண்டிருந்த நேரத்தில், கிழக்கே பார்த்திருந்த தன் வாசலைத் தெற்கே திருப்பிக்கொண்டது. தரை அதிரவில்லை, சுவர் விரியவில்லை, கரண்ட் கம்பி அறுந்து விழவில்லை, தொட்டித் தண்ணீர்கூட அலம்பவில்லை. வேண்டப்பட்டவர் எழுந்து போகும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே உடம்பைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டிருப்போமில்லையா, அப்படித்தான் திரும்பியது. பந்தல் மட்டும் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டதால், வாழைமரம் கட்டிய கால்களுக்கு நேர் எதிரே குளியலறைச் சுவர் வந்து நின்றது. பந்தியில் இருந்தவர்கள் யாரும் இலையை விட்டு எழவில்லை. ரசத்துக்குப் பிறகு பாயசம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீடு திரும்பிப் பார்த்தது சத்தியபாமாவை. அவள் கை நனைக்காமல், தெற்கு வீதியில், செருப்பு தேயத் தேயக் கோபமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து இன்ஜினியர் பாலதண்டபாணியின் ஆபீஸில், ஜன்னல் இல்லாத பின் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வீட்டுப் பிளான் வரைந்தவள் அவள்தான்; கையெழுத்துப் போட்டவர் அவர். இனிமேல் தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று அவள் சொன்னபோது இன்ஜினியர் தடுக்கவே இல்லை. "தாராளமாப் பண்ணம்மிணி" என்றார், சிரித்துக்கொண்டே. அவருக்கு ஊரைத் தெரியும். எங்கள் ஊரில் போர்டைப் பார்த்து யாரும் வீடு கட்டுவதில்லை. யார் சொன்னார்கள் என்று பார்த்துத்தான் கட்டுவார்கள், அதைச் சொல்வதற்கென்றே ஒரு இடமும் ஒரு நேரமும் இருக்கிறது. புகுவிழாவில் மேஸ்திரிக்கு, ஆசாரிக்கு, வயரிங் செய்தவருக்கு, குழாய் போட்டவருக்கு என்று வரிசையாகக் கூப்பிட்டு, மைக்கில் பேரைச் சொல்லி, வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். கொடுத்து முடித்த கையோடு, விருந்துக்கு வந்த சொந்தபந்தத்தில், அடுத்து வீடு கட்ட இருக்கிற ஒறம்பரைகள் அவர்களைச் சுற்றி நின்று போன் நம்பர் வாங்குவார்கள். ஒரு புகுவிழாவில் பேர் விழுந்தால் மூன்று வீடு நிச்சயம். பேர் விழாதவன் நூறு நோட்டீஸ் அடித்து வீடு வீடாகச் செருகினாலும் அது கடலை மடிக்கத்தான் ஆகும்.

"பிளான் போட்டது சத்தியபாமான்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லீருங்கண்ணா, அது போதும்" என்று நல்லதம்பியிடம் அவள் முன்கூட்டியே கேட்டிருந்தாள். அவரும் "அதுக்கென்ன அம்மிணி, சொல்லீட்டாப் போச்சு" என்று தலையை ஆட்டியிருந்தார். ஆனால் அந்த நேரம் வந்தபோது இன்ஜினியர் அவர் காதில் ஏதோ சொன்னார். நல்லதம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நெளிந்தார். "பொம்பளைக்கு எப்புடீங்க வேட்டி துண்டு குடுக்கறது" என்று அவர் முணுமுணுத்தது மைக்கிலேயே விழுந்தது, ஒறம்பரைகள் சிரித்தார்கள், அடுத்த பேராகப் பாலதண்டபாணியின் பேர் வந்தது.

அவள் கிளம்பினாள். வீடு திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அவள் தெற்கு வீதியைத் தாண்டி மேட்டுக்கடைப் பக்கம் போனபோது அங்கே இரண்டு வீடுகள் திரும்பின. பைபாஸை ஒட்டிய புது லேஅவுட்டில் பாதிக்கு மேல் திரும்பின. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த டாக்டர் வீடு மாடியோடு திரும்பியது. அவள் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த பிறகும் அவை எல்லாம் அவள் வீட்டுப் பக்கமே பார்த்தபடி நின்றன, மறுநாள் அவள் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனபோது மார்க்கெட் பக்கம் பார்த்தன. இந்த ஊரில் இத்தனை வீட்டை ஒரு பெண் வரைந்திருக்கிறாள் என்பது அதுவரை ஊருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொன்னதில்லை.

இன்ஜினியர் தன் பங்களாவைத் தானே ராத்தூக்கம் கெட்டு வரைந்ததாகப் பத்து வருஷமாகச் சொல்லி வந்தவர். அந்தப் பங்களாவும் திரும்பியது. விசாரிக்க வந்தவர்களிடம், "அடியில மண்ணு சரியில்லீங்க, அஸ்திவாரத்துல ஒரு சின்ன மிஸ்டேக்" என்றார். அவள் வரைந்தாள் என்று ஒத்துக்கொள்வதைவிடத் தன் அஸ்திவாரம் மோசம் என்று ஒத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. இப்படி ஒரு இன்ஜினியரை வேறு எந்த ஊரும் பெற்றிருக்காது.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் வாஸ்து நாச்சிமுத்துவைக் கூப்பிட்டது. வீடு எப்படித் திரும்புகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தெற்கே திரும்பினால் என்ன தோஷம் என்றுதான் கேட்டார்கள். நாச்சிமுத்து முதல் வாரம் தலையில் கை வைத்தார், இரண்டாம் வாரம் தெளிந்துவிட்டார், மூன்றாம் வாரத்திலிருந்து சத்தியபாமா எந்தக் கிழமை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போவாள் என்று அவள் வீட்டுக்காரர் குணசேகரனிடம் விசாரித்துவந்து, "வெசாளக்கெழமை காலையில அந்தப்புள்ள சாய்பாபா கோயலுக்குப் போகும், அப்ப உங்க வாசல் வடக்கால நிக்கும், அந்த நேரத்துல பத்திரம் பதிஞ்சுக்கங்க" என்று நேரம் குறித்துக் கொடுக்க ஆரம்பித்தார். நகராட்சியிலிருந்து வந்தவர் எந்த வீதியில் வரி போடுவது என்று குழம்பி, கடைசியில் இரண்டு வீதிக்கும் போட்டுவிட்டுப் போனார். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் நின்று, "பாமாக்கா இன்னிக்கு எங்கெ போயிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெண்கள் வடகம் காயப்போட்டுவிட்டு, அவள் மேற்கே போனால் மொட்டை மாடியில் எங்கே நிழல் விழும் என்று கணக்குப் போடப் பழகினார்கள். இரண்டு குடும்பம், எதிர் வீட்டுக் கழிவறை ஜன்னல் தங்கள் பூஜை அறைக்கு நேராக வந்து நிற்கிறது என்று போலீஸ் ஸ்டேஷன்வரை போயின; இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பஸ் ஏறிக் கரூருக்குப் போனதால் ஜன்னல் தானாக விலகியது, வழக்கும் விலகியது.

எல்லாம் பழகிப்போனது. ஆனால் சத்தியபாமாவுக்கு வேலை மட்டும் வரவில்லை.

மருந்துக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து, போர்டு மாட்டி, மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊரே அவள் பேரைச் சொன்னது, சொன்னதெல்லாம் திட்டாகத்தான் சொன்னது. "அந்தப்புள்ளகிட்டப் பிளான் போட்டா வீடு நிக்காதாமா" என்று பேச்சாகிவிட்டது. அவள் சும்மா இருக்கிற ஆளில்லை; சிமென்ட் ஏஜென்சி, டைல்ஸ் கடை, பெயின்ட் கடை, செங்கல் சூளை என்று ஏறி இறங்கி, கார்டு கொடுத்து, "யாராச்சும் கேட்டா நம்ம பேரைச் சொல்லுங்கண்ணா" என்றாள். "கட்டாயம் சொல்லி உடறம்மிணி" என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் கட்டாயம் என்ற சொல்லை யாராவது உபயோகித்தால் அது நடக்காது என்று பொருள். இன்ஜினியர் ஆபீஸின் பின் அறையில் அவள் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல், தினமும் தூசு தட்டித் துணி போட்டு மூடி வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஆடிக்குள் ஒரு வீடாவது கிடைக்காவிட்டால் அந்த நாற்காலிதான் என்று அவளுக்குத் தெரியும். குணசேகரன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், சாதுவான மனுஷன். "போயிரலாமா அங்கெயே?" என்று ஒருநாள் கேட்டார். "செத்தாலும் போகமாட்டன்" என்றாள். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கட்டடத் தொழில்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓட்டல் மாடியில் கூடி, ஆளுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நின்று தன் தொழிலைச் சொல்லி, போன வாரம் வீடு கட்டுகிறவர்களை யாரிடம் அனுப்பி வைத்தோம் என்பதைச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுப்பார்கள். தலைவர் அதை உரக்கப் படிப்பார். கை தட்டிவிட்டு டிபன் சாப்பிடுவார்கள். இதற்கு நீளமாக ஒரு பேர் இருந்தாலும் ஊரில் இட்லிக் கூட்டம் என்றுதான் சொல்வோம். ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்பது சட்டம். பிளான் போடுகிறவருக்கான இடம் பாலதண்டபாணியுடையது, தலைவரும் அவரே.

அந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். வேலை தரப்போகிறார்கள் என்று நினைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள்.

"பாரும்மிணி," என்றார் இன்ஜினியர், "எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கறம். ஊருக்குக் கெழக்கால தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல உனக்கு ஒரு ரூம் கட்டித் தர்றம். ஏசி போட்டுத் தர்றம். நீ அங்கெயே உக்காந்து எனக்கு வரைஞ்சு குடு. நீ கெழக்கால இருந்தீன்னா எல்லா வீடும் கெழக்கால பாக்கும். ஊருக்கும் நல்லது, உனக்கும் சம்பளம்."

"எப்பயாச்சும் எந்திரிச்சு நடக்கலாமுங்களா?"

"அதெல்லாம் அவசரத்துக்குப் போய்க்கலாம்."

அதற்குள் வடக்கு வாசல்காரர்கள் எழுந்து, கிழக்கே வைத்தால் தங்கள் கதி என்ன என்று சத்தம் போட, மேற்கு வாசல்காரர் ஒருவர் காலையில் கிழக்கும் மதியத்துக்கு மேல் மேற்குமாக அவளை மாற்றி மாற்றி உட்கார வைக்கலாம் என்று யோசனை சொல்ல, தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சத்தியபாமா எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் பேசறதுதானுங்க இங்க வழக்கம்? எனக்கு அவ்வளவுகூட வேண்டாம். காய் வாங்க நான் மார்க்கெட்டுக்குப் போவனுங்க. கோயலுக்குப் போவன். மனசு செரியில்லைன்னா சும்மாவே ஒரு சுத்து நடப்பன். உங்க வாசல் எந்தப் பக்கம் பாக்கோணும்னு பாத்து நான் காலெடுத்து வெக்க முடியாதுங்க. என்னைய ஒரு மூலையில உக்கார வெச்சுப் பத்து வருசம் பாத்தாச்சு. போதும்."

சொன்னது போலவே மறுநாள் காலையில் வீட்டை விட்டு இறங்கினாள், ஒரு வேலையும் இல்லாமல், ஊரின் எல்லா வீதியும் ஏறி இறங்கி, சந்து பொந்து விடாமல், ஏரிக்கரை சுற்றி, ரயில்வே கேட் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, நடந்துகொண்டே இருந்தாள். வீடுகள் அவளைப் பார்த்தபடி கோலாட்டக்காரிகள் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தன, உள்ளே இருந்தவர்கள் எந்தக் கதவைத் திறந்தால் எந்த வீதி என்று தெரியாமல் எதிர்வீட்டுக் கொல்லையில் போய் இறங்கினார்கள். அன்றைக்கு ஊரில் ஒரு பள்ளிக்கூட வேனும் நேரத்துக்குப் போகவில்லை. எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மாறியது மாவு மில்லில்தான். மில்லுக்கார ருக்குமணியின் வீடும் அவள் வரைந்தது. ருக்குமணிக்கு வாஸ்துவும் தெரியாது, கவலையும் கிடையாது. வாசல் எந்தப் பக்கம் நின்றாலும் மில் ஓடினால் சரி என்று இருப்பவள். பக்கத்து ஊரிலிருந்து மிளகாய் அரைக்க வந்த ஒரு டீச்சர், மில் ஓடுகிற இரைச்சலில், தாங்கள் வீடு கட்டப் போவதாகவும் யாரிடம் போவதென்று தெரியவில்லை என்றும் கத்திச் சொன்னாள். ருக்குமணியும் கத்தித்தான் பதில் சொன்னாள்.

"சத்தியபாமாகிட்டப் போ கண்ணு! மருந்துக்கடை மச்சு மேல இருப்பா. நான் சொன்னன்னு சொல்லு. அடுப்பு மேடை போடறதுக்கு முந்தி என்னைய நிக்க வெச்சு என்ற இடுப்பொசரம் அளந்து பாத்தவ அவ ஒருத்திதான். பதினஞ்சு வருசமா இருந்த முதுகுவலி, இந்த வீட்டுக்கு வந்த பொறகு இல்ல கண்ணு. அடுப்புக்கிட்ட நின்னாப்பிலயே வாசல்ல வர்றது யாருன்னு பாக்கலாம். வேற எவன் யோசிப்பான் இதையெல்லாம்?"

அந்த நேரம் மேற்கே பார்த்து நின்றிருந்த ருக்குமணியின் வீடு, மில்லின் மாவுத்தூசி படிந்த தன் ஓட்டுச் சார்ப்பை ஒரு உதறு உதறிவிட்டு, கட்டின நாளில் பார்த்திருந்த கிழக்குக்கே வந்து நின்றது. சாயங்காலம் சத்தியபாமா அந்த வழியாகப் போனபோது அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. டீச்சர் அதற்குள் மருந்துக்கடை மாடிப்படி ஏறி, நிலத்தின் நீள அகலம் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. அன்றைக்குச் சத்தியபாமா வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். குணசேகரன் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

சேதி பரவியது. யாராவது ஒருவரிடம் அவள் பேரைச் சொன்னால் வீடு நின்றுவிடும் என்று தெரிந்ததும் ஊர் பட்ட பாடு இருக்கிறதே! நல்லதம்பி முதல் ஆளாக ஓடிப்போய்த் தன் மச்சானிடம் சொன்னார், வீடு நிற்கவில்லை. மச்சானுக்கு நிலமே கிடையாது. நாயிடம் சொன்னவர் உண்டு, டிவியைப் பார்த்துச் சொன்னவர் உண்டு. வீட்டிடம் அதெல்லாம் செல்லுபடியாகவில்லை. உண்மையிலேயே வீடு கட்ட இருக்கிற ஒருவரிடம், அவர் நம்பும்படி மனதாரச் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் வீடு கட்டப் போகிறவர்களைத் தேடி அலைந்தார்கள். கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரரிடம், "ஏனுங், நெலங்கிலம் வாங்கிப் போட்டிருக்கறீங்களா?" என்று கேட்டார்கள். இழவு வீட்டில் துக்கம் விசாரித்த மூச்சிலேயே கேட்டார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் காலையிலேயே போய் நின்றுகொண்டு, பத்திரத்தோடு வெளியே வருகிறவரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். சொல்லச் சொல்ல, அதுவரை தங்களுக்கே தெரியாத சங்கதிகள் அவர்கள் வாயில் வந்தன: படியின் உயரம் மூட்டுவலிக்கு ஏற்றதாக இருப்பது, ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சாரல் வராதது, பிள்ளை படிக்கிற மேஜைக்குச் சாயங்கால வெளிச்சம் வருவது. நல்லதம்பி, புது நிலத்தில் போர் போடச் சொல்லித் தன்னிடம் வந்த ஒருவரிடம், "அந்தப்புள்ளைக்குப் பேர் சொல்லாம உட்டது என்ற தப்புங்க. நீங்க நேராப் போங்க" என்று சொன்ன அன்றைக்கு அவர் வீடு நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, டைல்ஸ் கடைக்காரர் சத்தியபாமாவைத் தன் விருந்தாளியாக இட்லிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். சீட்டுகள் வந்தன. வழக்கப்படி பாலதண்டபாணி எழுந்து படித்தார். முதல் சீட்டில் சத்தியபாமா என்று இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தார், அதிலும் அவள் பேர்தான். பிரிக்கப் பிரிக்க அவள் பேராகவே வர, கடைசிச் சீட்டுவரை அவர் உரக்கப் படித்துத்தான் ஆகவேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவரே. அடுத்தவர் எழுதிய சீட்டைப் படித்தது அவர் மனதாரச் சொன்ன கணக்கில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். பங்களா அப்போதும் ஓட்டல் பக்கம் பார்த்துத்தான் நின்றது.

"ஒரு தொழிலுக்கு ஒரு ஆளுங்கற சட்டத்தை மாத்திரலாமுங்க" என்றார் சிமென்ட் ஏஜென்சிக்காரர். "அம்மிணி நம்ம மெம்பராயிரட்டும்."

"வேண்டாமுங்கண்ணா" என்றாள் சத்தியபாமா. "சட்டம் இருந்துட்டுப் போகுது. எனக்கு மெம்பரா இருக்கறதுக்கு ஊரே இருக்குது." சொல்லிவிட்டு, இந்த முறை டிபனை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

இப்போது ஊரில் எல்லா வீடுகளும் நின்ற இடத்தில் நிற்கின்றன, ஒன்றைத் தவிர. பாலதண்டபாணி ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சொல்லும்படி அவர் மனைவி கேட்டாயிற்று, வாஸ்து நாச்சிமுத்து காலில் விழாத குறையாகக் கேட்டாயிற்று. அவர் அஸ்திவாரத்தில் மண் சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் ஒரு காலை, அவர் பங்களாவின் கேட்டுக்கு வெளியே வந்து நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியூர் வண்டியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து இறங்கினார்கள். பெண்ணின் கையில் புதுப் பத்திரம் இருந்தது.

"ஏனுங், சத்தியபாமாங்கறவங்க ஆபீஸ் பூட்டியிருக்குது. வீட்டுக்குப் பிளான் போடறவங்களாமா. எங்க போயிருப்பாங்கன்னு தெரியுமுங்களா?"

இன்ஜினியர் அவர்களைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். அவர் வாய் ஒரு தடவை திறந்தது என்று எதிர்வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

"அப்பிடி யாரும் இந்த ஊர்ல இல்லீங்க" என்றார்.

சத்தியபாமா அந்த நேரம் மேற்கே ஒரு நிலத்தை அளக்க ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். பங்களா மெதுவாக, அவர் முதுகுக்குப் பின்னால், கார் ஷெட்டும் பால்கனியுமாக மேற்கே திரும்பிக்கொண்டது. வந்தவர்கள் அவரைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தார்கள்.

"மேக்கால போயிருக்காங்களாட்ட இருக்குது" என்றாள் அந்தப் பெண். "வண்டிய எடுங்க, எட்டிப் புடிச்சரலாம்."

அவர்கள் போனார்கள். இன்ஜினியர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தன் வீட்டைச் சுற்றி நடந்தார்.